தாவும் எண்: வெப்பநிலைச் சீராக்கியில் மின்னிடையூறு

குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றின் முகப்பில் 37.5 என்னும் எண் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே 20 கோழிமுட்டைகள். வெப்பச்சுருள் அணையும்போது ‘டக்’ என்றோர் ஒலி எழுகிறது. அதே கணத்தில் எண் 41.0 எனத் தாவிப் பார்ப்பவர் கண்ணிமைப்பதற்குள் மீண்டும் 37.5க்குத் திரும்பிவிடுகிறது. பெட்டியினுள் இருந்த காற்று உண்மையில் மூன்றரைப் பாகை சூடேறித் தணிந்ததா? இல்லை. காற்றுக்கும் அதனை அளக்கும் உணரிக்கும் அவ்வளவு விரைவாகச் சூடேறிக் குளிரும் இயல்பு கிடையாது. வெப்பம் மெல்ல வருவது, மெல்லப் போவது. ஆகவே தாவியது வெப்பமன்று, வெப்பத்தைப் பற்றிய செய்தி. பொருள் மாறாதிருக்கச் செய்தி மட்டும் சிதைவதைத்தான் பொறியியலார் மின்னிடையூறு என்பர்.

மொழியியல் படித்தவன் மின்கருவியின் பழுதைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சிதைந்த செய்தியிலிருந்து சிதையாததைப் பிரித்தெடுப்பது எங்கள் துறைக்கும் அன்றாட வேலைதான். தவிரவும், பள்ளி அறிவியல் கழகங்களில் இத்தகைய பெட்டிகளைக் கண்டிருக்கிறேன். எண் தாவும்போது மாணவர்கள் அதனைத் தமிழில் எவ்வாறு சொல்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் “கெட்டுப்போச்சு ஐயா” என்ற ஒரே தொடர்தான் வருகிறது. அத்தொடரால் பழுது எங்கே இருக்கிறது என்று அறிய வழியில்லை.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். 1830ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வேதியியலார் ஆண்ட்ரூ யூர், இருவேறு உலோகப் பட்டைகளை ஒட்டி அமைத்த தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வெப்பம், நிற்றல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குத் தெர்மோஸ்டாட் எனப் பெயரிட்டார். தமிழில் வெப்பநிலைப்படுத்தி, வெப்பநிலை நிறுத்தி, வெப்பநிலைச் சீராக்கி எனப் பல ஆக்கங்கள் உலவுகின்றன. ‘நிறுத்தி’ என்பது மூலத்திற்கு நெருக்கமானது எனினும், கருவி வெப்பநிலையை ஓரிடத்தில் நிறுத்துவதில்லை. ஏற்றியும் இறக்கியும் ஓர் எல்லைக்குள் வைத்திருக்கிறது. ஆதலால் இவ்வுரையில் சீராக்கி என்றே ஆள்கிறேன்.

இடையூற்றைக் குறிக்கும் சொல்லில்தான் சிக்கல் மிகுதி. சிலர் இதற்குக் ‘குறுக்கீடு’ என எழுதுகின்றனர். ஆனால் இயற்பியல் பாடத்தில் இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வலுப்பெறுவதும் நலிவதுமாகிய நிகழ்வுக்கு அச்சொல் முன்பே நிலைபெற்றுவிட்டது. சோப்புக் குமிழியின் வண்ணங்களுக்கும் சீராக்கியின் பழுதுக்கும் ஒரே சொல்லை வழங்கினால் மாணவர் குழம்புவர். மலாய்மொழி இதனைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டது. அலைகளுக்கு ‘இன்டர்ஃபெரென்ஸ்’ என்றும், தொல்லைக்குக் ‘கங்குவான்’ என்றும் அங்கே இரு சொற்கள் உண்டு. இடைநிலைப் பள்ளியில் மலாய்வழி அறிவியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் பழக்கமானவை. ‘மின்னிடையூறு’ என்பதனைக் கங்குவானுக்கு நேராக வைத்துக்கொண்டால் குழப்பம் நீங்கும்.

இனிக் கருவியின் உள்ளே செல்வோம். பழைய இருவுலோகச் சீராக்கியில் பட்டை வளைந்து தொடுமுனையைப் பிரிக்கும். அங்கே செய்தி என்று தனியாக ஒன்றுமில்லை, பட்டையே அளவியும் ஆளியும் ஆகும். எனவே மின்னிடையூற்றுக்கு அது அசைந்துகொடுப்பதில்லை. இன்று மலிவாகக் கிடைக்கும் எண்முறைச் சீராக்கியில் அளப்பது ஒன்று, முடிவெடுப்பது மற்றொன்று, ஆளுவது வேறொன்று. அளப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறு மணி. சூடேறினால் அதன் மின்தடை குறையும். பரவலாக வழங்கும் வகையில் 25 பாகை செல்சியஸில் 10,000 ஓம் இருக்கும் தடை, 37.5 பாகையில் ஏறத்தாழ 5,900 ஓமாக இறங்கிவிடும். அத்தடையை மற்றொரு 10,000 ஓம் தடையோடு தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், இடைப்புள்ளியில் 1.85 வோல்ட் அளவு கிடைக்கும். நுண்கட்டுப்படுத்தி அந்த மின்னழுத்தத்தை அளந்து பாகையாக மாற்றி முகப்பில் காட்டுகிறது.

மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. இவ்வமைப்பில் ஒரு பாகை மாற்றத்திற்கு இடைப்புள்ளி மின்னழுத்தம் மாறும் அளவு ஏறத்தாழ 0.05 வோல்ட் மட்டுமே. அரைப் பாகைக்கு அதில் பாதி. அதே பெட்டியில், ஒருவிரல் இடைவெளியில், 230 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. அதன் உச்ச மதிப்பு 325 வோல்ட். நொடிக்கு 50 முறை அது தன் சுழற்சியை முடிக்கிறது. அக்கம்பியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு உணரியின் கம்பிக்குள் கசிந்தாலும் எண் ஆறு பாகைக்கு மேல் தவறிவிடும். இவ்வளவு மெல்லிய குரலை இவ்வளவு பேரொலியின் பக்கத்தில் வைத்துவிட்டு, அது எப்போதும் தெளிவாகக் கேட்கும் என்று எதிர்பார்ப்பதே பெரிது.

இடையூறு பிறக்கும் இடங்களுள் முதன்மையானது தொடுமுனை. ரிலே எனப்படும் மின்காந்த ஆளி திறக்கும்போது அதன் முனைகளுக்கிடையே சிறு பொறி தோன்றும். காற்றாடியின் மோட்டார், ரிலேயின் சொந்தச் சுருள், குழல்விளக்கின் சோக்கு ஆகிய கம்பிச்சுருள்களில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென அறுத்தால், சுருள் அம்மாற்றத்தை எதிர்த்து மிகுந்த மின்னழுத்தத்தை எழுப்பும். ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல்தான் இது. 1880களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹெர்ட்ஸ் ஒரு பொறியை உண்டாக்கி, அறையின் மறுபுறத்தில் இருந்த கம்பி வளையத்தில் மற்றொரு நுண்பொறியைக் கண்டார். மின்காந்த அலை இருப்பதற்கு அதுவே சான்றாயிற்று. அந்த வகையில், உங்கள் பெட்டியின் ரிலே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஹெர்ட்ஸின் சோதனையைச் சிறு அளவில் நடத்துகிறது. உணரியின் நீண்ட கம்பி அதற்கு ஏற்ற வளையமாக அமைந்துவிடுகிறது.

நடுத்தர அலைவரிசை உள்ள பழைய வானொலி எங்கேனும் கிடைத்தால் எடுத்து வாருங்கள். நிலையம் எதுவுமில்லாத இடத்தில் அதன் முள்ளை நிறுத்திப் பெட்டியருகே வையுங்கள். ரிலே திறக்கும்போது ‘படக்’ என்றும், காற்றாடி மோட்டார் ஓடும்போது ‘கரகர’ என்றும் அது ஒலிக்கக்கூடும். இடையூற்றைக் காதால் கேட்க இதைவிட மலிவான கருவி இல்லை. மழைக்காலத்தில் மின்னல் வெட்டும்போது பாட்டு கரகரத்ததை நினைவில் வைத்திருக்கும் மூத்த ஆசிரியர்களுக்கு இதனை விளக்கவே வேண்டாம்.

இப்போது பழுதைச் சொல்லும் சொல்லுக்கு வருகிறேன். என் கருத்தில் இவ்வுரையின் பயனுள்ள பகுதி இதுவே. ‘கெட்டுவிட்டது’ என்னும் வினையை விலக்கிவிட்டு, எண் என்ன செய்கிறது என்று மாணவரைக் கேளுங்கள். எண் தாவுகிறதா, நடுங்குகிறதா, நகர்கிறதா, உறைகிறதா? நான்கும் எளிய தமிழ் வினைகள். நான்கும் வெவ்வேறு பழுதைச் சுட்டுவன.

தாவுதல் என்றால் எண் ஒரு கணம் தொலைவில் சென்று மீளும். ஏதோ ஒன்று முடுக்கப்படும்போதோ அணைக்கப்படும்போதோ அது நிகழும். பொறியையும் அறுபட்ட சுருளையும் ஐயுறலாம். நடுங்குதல் வேறு. எண் 37.3க்கும் 37.8க்கும் இடையே ஓயாது ஊசலாடும், யாரும் எதனையும் தொடாதபோதும் நடுங்கும். அது மின்வழங்கியிலிருந்தோ அருகிலோடும் கம்பியிலிருந்தோ இடைவிடாது புகும் 50 சுழற்சி அதிர்வாக இருக்கலாம். தரம் குறைந்த மின்மாற்றுக் கருவியும் இதைச் செய்யும். நகர்தல் என்பது இடையூறே அன்று. காலையில் 37.5, மாலையில் 38.4 என மெல்ல ஏறினால் வெப்பநிலை உண்மையிலேயே மாறுகிறது, அல்லது உணரியின் இணைப்பில் ஈரம் புகுந்திருக்கிறது. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதத்தோடு, பெட்டிக்குள் நாமே வைக்கும் நீர்க்கிண்ணமும் சேரும்போது இரண்டாவது காரணம் அரிதன்று. உறைதலோ மிகக் கொடியது. எண் அசையாது நின்றுவிடும், பார்ப்பவர் எல்லாம் நலமென்று எண்ணிப் போய்விடுவார். உண்மையில் வலுவான இடையூற்றால் நுண்கட்டுப்படுத்தி செயலிழந்திருக்கும். அப்போது சுருள் எரிந்துகொண்டிருந்தால் எரிந்துகொண்டேயிருக்கும்.

பெட்டியருகே ஒரு குறிப்பேடு வையுங்கள். நேரம், எண் செய்த வினை, அக்கணத்தில் வகுப்பறையில் முடுக்கியது அல்லது அணைத்தது எது என மூன்றே பத்திகள் போதும். இரண்டு நாள் எழுதினால், குழல்விளக்கு ஏற்றும் நேரத்தில் மட்டும் எண் தாவுவது போன்ற ஒழுங்குகள் தாமாகவே தெரியவரும். தளர்ந்த இணைப்பும் எண்ணைத் தாவச் செய்யும். ஆனால் அது கம்பியை அசைக்கும்போது தாவும், விளக்கை ஏற்றும்போதன்று. இவ்வேறுபாட்டைக் குறிப்பேடு காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பதிலீட்டுச் சோதனை. மொழியியலில் ஓர் ஒலி பொருளை வேறுபடுத்துகிறதா என அறிய மற்றனைத்தையும் அப்படியே வைத்து அவ்வொலியை மட்டும் மாற்றுவோம். ‘பலம்’, ‘பழம்’ என வைத்துப் பார்த்து லகரமும் ழகரமும் தமிழில் தனித்தனி ஒலியன்கள் என்று நிறுவுவோம். இங்கும் அதே முறைதான். உணரியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 5,600 ஓம் சாதாரண மின்தடை ஒன்றை வையுங்கள். வெப்பத்தால் பொருட்படுத்தத்தக்க அளவு மாறாத இத்தடையைக் கருவி ஏறத்தாழ 38.6 பாகை எனப் படிக்கும். அவ்வெண் அசையாது நிற்க வேண்டும். முதலில் கருவியின் முனைகளிலேயே நேரடியாக இணைத்துப் பாருங்கள். அங்கும் எண் தாவினால் இடையூறு மின்வழங்கி வழியாக, அல்லது கருவிக்கு உள்ளேயே வருகிறது. தாவாவிட்டால் தடையை உணரிக் கம்பியின் மறுமுனையில் இணையுங்கள். இப்போது தாவினால் குற்றவாளி அக்கம்பி. இரண்டிடத்திலும் எண் நிலையாக நின்றால், கழற்றி வைத்த உணரியிலோ அதன் ஒட்டிலோதான் பழுது. இரண்டே சோதனைகளில் மூன்று இடங்களைப் பிரித்தறிந்துவிடலாம். வெப்பச்சுருளும் காற்றாடியும் வழக்கம்போல் ஓடவேண்டும் என்பதை மறவாதீர்கள். இடையூறு செய்பவற்றை அணைத்துவிட்டு இடையூற்றைத் தேட முடியாது. ஆனால் கருவி 38.6 என்றே நம்பிக்கொண்டிருக்கும் ஆதலால், வைத்த இலக்கைச் சற்று மேலும் கீழுமாக மாற்றி ரிலேயை நாமே இயக்க வேண்டியிருக்கும். முட்டைகள் உள்ளே இருக்கும்போது இதனைச் செய்யலாகாது.

ஓர் எச்சரிக்கை. மலிவான சில சீராக்கிகளில் மின்மாற்றி இராது. 230 வோல்ட்டை மின்தேக்கி ஒன்றின் வழியாகவே குறைத்துக்கொள்வார்கள். அவற்றில் உணரியின் மெல்லிய கம்பியும் உயிர்க்கம்பியோடு தொடர்புடையது. பார்வைக்கு அது தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் செருகியைப் பிடுங்கிய பிறகே கம்பியைத் தொட வேண்டும். 230 வோல்ட் பக்கத்து வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிட வேண்டும். மாணவர் பார்க்கலாம், எழுதலாம், கணக்கிடலாம். அப்பக்கத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

நீக்கும் வழிகளுள் செலவில்லாதது இடமாற்றம். உணரிக் கம்பியையும் மின்கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டியிருப்பதைப் பல பெட்டிகளில் காணலாம். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், செய்திக்கோ அதுவே கேடு. பிரித்துப் போடுங்கள். ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மிகுந்திருக்கும் கம்பியைச் சுருட்டி வைக்காமல் வெட்டிக் குறைக்கச் செய்யுங்கள். இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், ஒரு புரியில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அடுத்த புரி எதிர்த்திசையில் பெற்று ஈடுசெய்துவிடும். தொலைபேசிக் கம்பிகள் முறுக்கப்பட்டிருப்பதன் காரணமும் இதுவே. கவச உறையிட்ட கம்பி இன்னும் நன்று. ஆனால் அவ்வுறையை ஒரு முனையில் மட்டுமே கருவியின் பொதுப்புள்ளியோடு இணைக்க வேண்டும். இரு முனையிலும் இணைத்தால் உறையே மின்னோட்டச் சுற்றாக மாறிப் புது இடையூற்றை உண்டாக்கக்கூடும்.

கருவியின் உணரி முனைகளுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைப்பது அடுத்த வழி. மேற்சொன்ன தடைகளோடு சேர்ந்து அது ஏறத்தாழ 37 மில்லிநொடி தாமதத்தைத் தரும். மைக்ரோநொடிகளில் வந்துபோகும் பொறியின் அதிர்ச்சி அதில் மூழ்கிவிடும். வெப்பநிலை மாறுவது நிமிடக் கணக்கில் ஆகையால் இத்தாமதத்தால் நமக்கு இழப்பேதுமில்லை. பிறக்கும் இடத்திலேயே இடையூற்றை அடக்குவதானால், நேர்மின்னோட்டத்தில் இயங்கும் ரிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு வேண்டும். மோட்டாரை ஆளும் தொடுமுனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக வேண்டும். மின்தேக்கி 230 வோல்ட் வழியில் நேரடியாக வைப்பதற்கென்றே செய்யப்பட்ட எக்ஸ்2 வகையாக இருத்தல் கட்டாயம். இது மின்பணியாளரின் வேலை.

மூன்றாவது வழி கணக்கில் இருக்கிறது. கருவி ஐந்து முறை அளக்கிறது எனக் கொள்வோம்: 37.5, 37.5, 41.0, 37.6, 37.5. இவற்றின் சராசரி 38.2. பொய் சொன்ன ஓர் எண் மற்ற நான்கையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 37.5. நடுவெண் பொய்யைப் பொருட்படுத்துவதில்லை. கணிதப் பாடத்தில் சராசரியும் நடுவெண்ணும் ஏன் இரண்டாகக் கற்பிக்கப்படுகின்றன என்று வினவும் மாணவருக்கு இதனைக் காட்டலாம்.

ஒன்றையே பலமுறை கேட்டு உண்மையைத் தேறும் இம்முறை மொழிக்கும் உரியது. 1948இல் கிளாட் ஷானன் வெளியிட்ட தகவல் தொடர்புக் கோட்பாட்டில், அனுப்புவோருக்கும் பெறுவோருக்கும் இடையே இரைச்சல் என ஒரு பெட்டியைத் தனியாக வரைந்தார். இரைச்சல் உள்ள வழியில் செய்தி பிழைக்க வேண்டுமானால் அதில் மிகை இருக்க வேண்டும். ‘அவள் வந்தாள்’ என்பதில் பெண்பால் ‘அவள்’ என்னும் எழுவாயிலும் இருக்கிறது, ‘-ஆள்’ என்னும் விகுதியிலும் இருக்கிறது. பேருந்தின் இரைச்சலில் எழுவாய் கேட்காமற்போனாலும் வினைமுற்று அதனைச் சொல்லிவிடும். விகுதிகளை இலக்கணச் சுமையாக மட்டும் கருதுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இவையனைத்தையும் செய்தபின்னும் ரிலே ‘டக்டக்’கென இடைவிடாது அடிக்குமானால் இரு காரணங்கள் எஞ்சும். ஒன்று, இடையூறு வட்டமாகச் சுற்றுவது. ரிலே திறக்கிறது, பொறி எழுகிறது, எண் பொய்யாகக் கீழே தாவுகிறது, குளிர்ந்துவிட்டதென்று கருதிக் கருவி மீண்டும் ரிலேயை மூடுகிறது. தன் நிழலைத் தானே துரத்தும் நாயின் கதை. மற்றொன்று இடையூறன்று, தயக்கம் போதாமை. முடுக்கும் எல்லைக்கும் அணைக்கும் எல்லைக்கும் இடையே விடப்படும் இடைவெளியைத் தமிழ் இயற்பியலார் காந்தவியலிலிருந்து பெற்றுத் ‘தயக்கம்’ என்று சொல்லலாம். கலைச்சொல்லாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களுள் அதுவும் ஒன்று. மனிதர்க்குக் குறையாகச் சொல்லப்படும் தயக்கம் கருவிக்கு இன்றியமையாதது. 37.5இல் அணைந்து 37.4இல் முடுக்குமாறு வைத்தால் ரிலே ஓயாது. 37.2இல் முடுக்குமாறு மாற்றினால் அடங்கும், முட்டைகளும் அதனைத் தாங்கும்.

தாய்க்கோழி இரை தேடி எழுந்து செல்லும் சிறு பொழுதின் குளிர்ச்சியைக் கரு தாங்கிக்கொள்கிறது. மேலேறி நீடிக்கும் வெப்பத்தை அது தாங்குவதில்லை. எண் மேலே தாவினால் சுருள் சற்று நேரம் அணையும், அவ்வளவே. எண் உறைந்துபோனாலோ தீங்கு முழுமையாகிவிடும். ஆகவே எண்முறைச் சீராக்கி எத்துணை நன்றாகத் திருத்தப்பட்டிருந்தாலும், வெப்பச்சுருளின் வழியில் பழைய இருவுலோகத் துண்டிப்பான் ஒன்றைத் தனியாகத் தொடரில் இணைக்கச் செய்ய வேண்டும். பெட்டிக்கு ஏற்ப 39 அல்லது 40 பாகையில் திறக்கும் வகை போதும். யூர் காலத்து அப்பட்டைக்கு இடையூறும் தெரியாது, உறைதலும் தெரியாது.

கோழிமுட்டைக்கு அடைகாலம் 21 நாள். 18ஆம் நாளுக்குப் பின் முட்டைகளைத் திருப்புவதில்லை, பெட்டியைத் திறப்பதும் நன்றன்று. பழுதுபார்க்கும் வேலை முட்டை வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முட்டைகளின் இடத்தில் நீர் நிரப்பிய சிறு புட்டிகளை வைத்து, இரண்டு நாள் பெட்டியை ஓடவிடுங்கள். வேறொரு கண்ணாடி வெப்பமானியையும் உள்ளே வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வகுப்பறையின் விளக்கையும் மின்விசிறியையும் 20 முறையேனும் அணைத்து முடுக்கிப் பாருங்கள். குறிப்பேட்டின் இரண்டாம் பத்தியில் ‘தாவியது’ என்னும் சொல் ஒருமுறையும் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் முட்டைகளை வைக்கலாம்.